க்வெரி வேகமானது, பில் ஏன் அசையவில்லை?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் வெளியே தெரியக் கூடாது என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 28. நாகர்கோவிலில் ஒரு சிறு நிறுவனத்தில் டேட்டா வேலை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் சுற்றுவட்டாரத்தில் நிற்கும் 62 காற்றாலைகளைப் பராமரிப்பது நிறுவனத்தின் தொழில். காற்றாலைகளின் சொந்தக்காரர்கள் 14 பேர்; பெரும்பாலும் கோவை, திருப்பூர் மில்காரர்கள். ஒவ்வொரு காற்றாலையும் 10 நிமிடத்துக்கு ஒரு வரி டேட்டா அனுப்பும்: காற்றின் வேகம், உற்பத்தி, கியர்பாக்ஸ் சூடு என்று பல. எல்லாம் ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் டேட்டா சேவையில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து 9 டாஷ்போர்டுகள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல் ரெஃப்ரெஷ் ஆகின்றன. இவர் எழுதிய பைதான் ஸ்கிரிப்டைக் கிரான் என்ற நேர அட்டவணைக் கருவி ஓட்டுகிறது. கன்ட்ரோல் ரூம் சுவரில் ஒரு டிவி. அதில் டாஷ்போர்டைக் காட்டும் மெட்டாபேஸ் மென்பொருள் எப்போதும் திறந்திருக்கும். மாத பில் இரண்டரை லட்சத்தைத் தொடுகிறது. பாதியாக்கிக் காட்டு என்று முதலாளி கெடு வைத்திருக்கிறார். முடியாவிட்டால் சம்பளத்தில் பிடிப்பேன் என்றும் ஒரு வார்த்தை விட்டிருக்கிறார்.

வாசகி சும்மா இருக்கவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து எல்லா க்வெரியையும் (டேட்டாவைக் கேட்டு வாங்கும் கட்டளைகளை) திருத்தி எழுதினார். 70 நொடி எடுத்த டாஷ்போர்டு இப்போது 30 நொடியில் முடிகிறது. பில் அசையவில்லை. ஆட்டோ சஸ்பெண்டை, அதாவது க்வெரி ஓட்டும் கம்ப்யூட்டரான 'வேர்ஹவுஸ்' எத்தனை நேரம் சும்மா இருந்தால் தூங்கலாம் என்ற செட்டிங்கை, 10 நிமிடத்திலிருந்து ஒரு நிமிடமாக்கினார். மறுநாளும் கிட்டத்தட்ட அதே கிரெடிட் (ஸ்னோஃப்ளேக் காசு கணக்கிடும் அலகு). அந்த செட்டிங்கே வேலை செய்யவில்லை போல என்று பழையபடி வைத்துவிட்டார். கடைசியில் இப்படிக் கேட்கிறார்: "இன்னும் க்வெரியைத் திருத்தணுமா சார்? வேர்ஹவுஸைப் பெரிசாக்கினா சீக்கிரம் முடியும், காசு மிச்சம்னு நண்பர் ஒருத்தர் சொல்றார், சரியா? இல்ல, எல்லாத்தையும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கே கொண்டு வந்துரலாமா? சம்பளத்துல பிடிக்க அவருக்கு உரிமை இருக்கா?"

சகோதரி, உங்கள் மூன்று வார உழைப்பு வீணாகவில்லை. அதன் பலன் பில்லில் தெரியாதபடி வேறொன்று மறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். க்வெரி ஓடும் நேரத்துக்குத்தான் பணம் போகிறது என்று நினைத்திருக்கிறீர்கள். ஸ்னோஃப்ளேக் வேர்ஹவுஸ் விழித்திருக்கும் நேரத்துக்குக் காசு வாங்குகிறது. விழித்திருக்கும்போது அது வேலை செய்கிறதா, சும்மா இருக்கிறதா என்று மீட்டர் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் குறைந்தது 60 நொடிக்கான காசு உண்டு. அதன் பிறகு நொடிக் கணக்கு. ஆட்டோவில் மினிமம் சார்ஜும் வெயிட்டிங் சார்ஜும் மாதிரி. நீங்கள் மூன்று வாரமாக ஓட்டத்தைக் குறைத்தீர்கள். வெயிட்டிங் அப்படியே இருந்தது.

உங்கள் எண்களிலேயே பார்ப்போம். 9 டாஷ்போர்டு, தலைக்கு 70 நொடி, ஒரு சுற்றுக்குப் பத்தரை நிமிடம். நாளுக்கு 96 சுற்று. ஆக மொத்தம் 16 மணி 48 நிமிடம் உண்மையான வேலை. திருத்திய பிறகு ஒரு சுற்று நாலரை நிமிடம். நாளுக்கு 7 மணி 12 நிமிடம். கிட்டத்தட்ட பத்து மணி நேர வேலையை ஒழித்திருக்கிறீர்கள், சின்ன விஷயமில்லை. ஆனால் அப்போதும் வேர்ஹவுஸ் 24 மணி நேரமும் விழித்திருந்தது, இப்போதும் விழித்திருக்கிறது. ஸ்மால் சைஸ் மணிக்கு 2 கிரெடிட். நாளுக்கு 48, மாதத்துக்கு 1440. நீங்கள் அனுப்பிய இரண்டு மாத பில்லிலும் ஏறக்குறைய இதே எண் நிற்பதைப் பாருங்கள். எந்த மாற்றத்துக்கும் அசையாத எண் என்றால், வேர்ஹவுஸ் தூங்குவதே இல்லை என்று அர்த்தம்.

ஒன்றரை நிமிட இடைவெளி

அப்படியானால் ஆட்டோ சஸ்பெண்டை ஒரு நிமிடமாக்கியும் ஏன் தூங்கவில்லை? விடை உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையோடு எழுதிய ஒரு வரியில் இருக்கிறது: "ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஒவ்வொரு டாஷ்போர்டுக்கும் ஒன்றரை நிமிட இடைவெளி விட்டிருக்கிறேன்."

நொடி நொடியாகப் பாருங்கள். முதல் டாஷ்போர்டு 30 நொடியில் முடிகிறது. வேர்ஹவுஸ் 60 நொடி சும்மா இருந்துவிட்டுத் தூங்கப்போக வேண்டும். 30-ம் 60-ம் 90. சரியாக அந்த 90-வது நொடியில் அடுத்த டாஷ்போர்டு வந்து கதவைத் தட்டுகிறது. தூங்கவைக்கும் வேலையை ஸ்னோஃப்ளேக் நொடி சுத்தமாகச் செய்வதும் இல்லை, கொஞ்சம் முன்பின் ஆகும். ஆக, முதல் எட்டு டாஷ்போர்டுகளுக்கு நடுவே அது கண்ணை மூட வழியே இல்லை. ஒன்பதாவது முடிந்த பிறகு அடுத்த சுற்றுக்கு இரண்டரை நிமிடம் இருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தையும் வேறொன்று தின்றுவிட்டது. அதைக் கீழே சொல்கிறேன்.

செட்டிங் வேலை செய்தது. நீங்கள் வைத்த அட்டவணை அதை வேலை செய்ய விடவில்லை.

மோதும் என்ற பயம் சொந்த சர்வர் வைத்திருந்த காலத்துப் பயம். அங்கே அது நியாயம். ஒன்பது க்வெரி ஒன்றாக வந்தால் மெமரி திணறும். இங்கே ஒரு வேர்ஹவுஸ் வழக்கமான அமைப்பில் ஒரே நேரம் 8 க்வெரி வரை எடுத்துக்கொள்ளும், மிச்சம் வரிசையில் காத்திருக்கும். காத்திருப்பதால் எதுவும் உடையாது. ஒன்று ஓடினாலும் எட்டு ஓடினாலும் நிமிடத்துக்கு ஒரே காசுதான். எனவே ஒன்பதையும் ஒரே நேரத்தில் கிளப்புங்கள். தனித்தனியாக ஓடி எடுத்த நாலரை நிமிடம், சேர்ந்து ஓடினால் மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் என்று மதிப்பிடுகிறேன். உங்கள் க்வெரிகளை வைத்து நீங்கள்தான் அளந்து பார்க்க வேண்டும்.

இதோடு இன்னொன்றும் உண்டு. டேட்டா லோடு 10 நிமிடத்துக்கு ஒருமுறை, அதே வேர்ஹவுஸில். ரெஃப்ரெஷ் 15 நிமிடத்துக்கு ஒருமுறை. ஒரு மணி நேரத்தில் லோடு 0, 10, 20, 30, 40, 50-ல் எழுப்புகிறது. ரெஃப்ரெஷ் 0, 15, 30, 45-ல். இரண்டு இடத்தில் மட்டும் சேர்கின்றன. ஆக மணிக்கு 8 முறை எழுப்பல். இந்த அட்டவணையில் டேட்டாவும் சீராக இருக்காது. 15-வது நிமிட ரெஃப்ரெஷில் 10-வது நிமிட வரியைக் காட்டுவீர்கள். 30-வது நிமிடத்தில் லோடு முந்தினால் புது வரி, ரெஃப்ரெஷ் முந்தினால் பழைய வரி. கன்ட்ரோல் ரூம்காரர்கள் சில சமயம் எண் பின்தங்குகிறது என்று உங்களிடம் குறைப்பட்டிருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

லோடையும் ரெஃப்ரெஷையும் ஒரே ஸ்கிரிப்டில் சங்கிலியாகக் கட்டுங்கள்: லோடு முடிந்ததும் ரெஃப்ரெஷ், தனித்தனிக் கிரான் வேண்டாம். ஸ்கிரிப்டின் முதல் வேலை, புதிய ஃபைல் வந்திருக்கிறதா என்று ஃபோல்டரைப் பார்ப்பது. அதற்கு வேர்ஹவுஸ் தேவையில்லை. ஃபைல் இல்லையென்றால் ஸ்னோஃப்ளேக் பக்கமே போகாமல் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். முப்பந்தலில் நெட் போய் ஒரு மணி நேரம் டேட்டா வராத நாளிலும் இப்போது பழைய எண்ணையே திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பின்னாளில் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் ஸ்னோஃப்ளேக்கின் டாஸ்க் வசதிக்குள்ளேயே இதைக் கொண்டுபோனால், டேபிளின் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஸ்ட்ரீமில் புது டேட்டா இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் ஓடச் சொல்லலாம். அந்தப் பார்வைக்கும் வேர்ஹவுஸ் எழாது.

சுவரில் தொங்கும் டிவி

அந்த இரண்டரை நிமிடத்தைத் தின்றது இதுதான். டிவியில் மெட்டாபேஸின் ஆட்டோ ரெஃப்ரெஷை ஒரு நிமிடத்துக்கு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே மாறும் டேட்டாவை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கிறது டிவி. இரவு இரண்டு மணிக்கு வாட்ச்மேன் தவிர யாரும் இல்லாத அறையிலும் கேட்கும்.

ஸ்னோஃப்ளேக்கில் இதற்கு ஒரு காப்பு இருக்கத்தான் செய்கிறது. அதே க்வெரி எழுத்து மாறாமல் மீண்டும் வந்து, அடியில் உள்ள டேட்டாவும் மாறாமல் இருந்தால், 24 மணி நேரத்துக்குள் முந்தைய விடையையே எடுத்துக் கொடுக்கும். வேர்ஹவுஸை எழுப்பாது. பிறகு டிவி ஏன் எழுப்புகிறது? நீங்கள் ஒட்டி அனுப்பிய க்வெரியின் முதல் வரியைப் பாருங்கள்: 'கடைசியாகப் புதுப்பித்த நேரம்' என்று ஒரு கட்டம், அதற்குள் கரண்ட் டைம்ஸ்டாம்ப், அதாவது க்வெரி ஓடும் அந்த நொடியின் நேரம். ஓடும் நொடியில் விடை மாறும் ஃபங்ஷன் க்வெரிக்குள் இருந்தால் பழைய விடையை எடுத்துத் தர முடியாது. (கரண்ட் டேட் இருந்தால் பரவாயில்லை, அதற்கு விலக்கு உண்டு.) ஆக அந்த ஒரே ஒரு கட்டத்துக்காக நிமிடத்துக்கு ஒருமுறை வேர்ஹவுஸ் எழுகிறது. ஒவ்வொரு எழுப்பலுக்கும் குறைந்தது 60 நொடிக் காசு. மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு இந்த டிவியை மட்டும் விட்டாலும் வேர்ஹவுஸ் நாள் முழுக்க விழித்துத்தான் இருக்கும்.

அந்தக் கட்டம் உண்மையும் பேசவில்லை. லோடு இரண்டு மணி நேரமாக நின்றுபோயிருந்தாலும் 'இப்போதுதான் புதுப்பித்தேன்' என்று காட்டும். கரண்ட் டைம்ஸ்டாம்பை எடுத்துவிட்டு, டேபிளில் கடைசியாக வந்த வரியின் நேரத்தைக் காட்டுங்கள். பார்ப்பவருக்கு வேண்டியதும் அதுதான். கடைசி 24 மணி நேரம் என்று வடிகட்டும் இடத்திலும் அதே மாற்றம். பிறகு டிவியின் ஆட்டோ ரெஃப்ரெஷை 10 நிமிடமாக்கி, முந்தைய விடையைச் சேமித்துவைக்கும் மெட்டாபேஸின் சொந்தக் கேஷையும் போட்டுவிடுங்கள். அந்த டிவி தவிர வேறு யார் கம்ப்யூட்டரிலாவது டேப் திறந்தே கிடக்கிறதா என்றும் பாருங்கள். முதலாளி அறையில் ஒன்று இருக்கும் என்று என் ஊகம்.

யாருக்கு, எத்தனை மணிக்கு?

15 நிமிடம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. என்னால் ஊகிக்க முடிகிறது. நம் நாட்டு மின்கட்டமைப்பில் உற்பத்தி அட்டவணை 15 நிமிடக் கூறுகளாக, நாளுக்கு 96 என்று ஓடுகிறது. காற்றாலைத் தொழிலில் எல்லார் வாயிலும் அந்த எண் இருக்கும். யாரோ சொல்ல, டாஷ்போர்டுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் 9 டாஷ்போர்டுகளில் 7 சொந்தக்காரர்களுக்கானவை; உற்பத்திக் கூட்டல், மாத ஒப்பீடு, நின்றுபோன நேரம். திருப்பூரில் இருக்கும் மில்காரர் அதைக் காலையில் ஒருமுறை பார்ப்பார், காற்றுக் காலத்தில் மாலையிலும் பார்க்கலாம். ஊகம் எதற்கு? யார், எந்த நேரம், எதைத் திறந்தார்கள் என்பது க்வெரி ஹிஸ்டரியில் ஒரு வருடத்துக்கு இருக்கிறது. மெட்டாபேஸ் எந்த டாஷ்போர்டுக்காகக் கேட்டது என்று ஒரு மாதத்தை எடுத்துப் பாருங்கள். ஒருவர்கூடத் திறக்காத டாஷ்போர்டு ஒன்றாவது அகப்படும். அதை நிறுத்துவதற்கு முன் உரியவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மீதி 2 டாஷ்போர்டு கன்ட்ரோல் ரூமுக்கு. அவை இரவிலும் ஓட வேண்டும். கணவாயில் காற்று ராத்திரி என்று பார்த்து அடங்குவதில்லை. ஆனால் கியர்பாக்ஸ் சூடேறினால் எச்சரிக்கை காற்றாலையின் கட்டுப்பாட்டு சிஸ்டத்திலிருந்து நேரடியாக எஸ்எம்எஸ்ஸாக வருகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். டாஷ்போர்டு அந்த எச்சரிக்கைக்கு மாற்று இல்லை. எனவே கன்ட்ரோல் ரூமுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை போதும். சரியாக இரண்டு வரி டேட்டா சேர்ந்திருக்கும். சொந்தக்காரர் டாஷ்போர்டுகளைக் காலை 5 முதல் இரவு 9 வரை மணிக்கு ஒருமுறை, கன்ட்ரோல் ரூம் சுற்றோடு சேர்த்தே ஓட்டுங்கள்.

இப்போது கணக்கு: நாளுக்கு 72 சுற்று. அதில் 17 பெரிய சுற்று. மூன்று நிமிட வேலை, ஒரு நிமிடக் காத்திருப்பு, தலைக்கு 4 நிமிடம், 68 நிமிடம். மீதி 55 சிறிய சுற்று. தலைக்கு 2 நிமிடம், 110 நிமிடம். மொத்தம் 178 நிமிடம். அதாவது 24 மணி நேரம் மூன்று மணி நேரத்துக்கும் சற்றுக் கீழே வருகிறது. 48 கிரெடிட் 6 ஆகிறது. இது காகிதக் கணக்கு. யாராவது இடையில் தனியாக ஒரு க்வெரி ஓட்டுவார், டாஷ்போர்டைத் திறந்து ஃபில்டர் மாற்றுவார். எட்டில் ஒரு பங்கு வராமல் ஐந்தில் ஒரு பங்காக நின்றாலும் முதலாளி கேட்ட பாதியைத் தாண்டிவிட்டீர்கள். உங்கள் 30 நொடியின் அருமை இனிமேல்தான் தெரியும். பழைய 70 நொடியாக இருந்தால் இந்தச் சுற்றுகளின் மொத்த நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருக்கும்.

நேரக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். கிளவுட் சர்வரில் கிரான் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் ஐந்தரை மணி முன்னே. இரவு 10 முதல் காலை 5 வரை நிறுத்து என்று அப்படியே எழுதினால், நிற்பது நம் நேரப்படி அதிகாலை மூன்றரை முதல் காலை பத்தரை வரை. மில்காரர்கள் பார்க்கும் அந்தக் காலை நேரம் முழுக்கப் பழைய எண் நிற்கும், போன் உங்களுக்கு வரும். ஸ்னோஃப்ளேக் கணக்கோ, யாரும் மாற்றாவிட்டால் லாஸ் ஏஞ்சலிஸ் நேரத்தில் இருக்கும். இரண்டு இடத்திலும் ஆசியா/கொல்கத்தா என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

இதை நடைமுறைப்படுத்தும் முன் சொந்தக்காரர்களோடு போட்ட ஒப்பந்தத்தை ஒருமுறை வாங்கிப் படியுங்கள். 'நேரலை' என்றோ '15 நிமிடத்துக்கு ஒருமுறை' என்றோ அதில் எழுதியிருந்தால், நீங்களாகக் குறைப்பது நிறுவனத்தை வம்பில் மாட்டிவிடும். அப்போது முதலாளிதான் அவர்களிடம் பேசி எழுத்தில் மாற்ற வேண்டும்.

பெரிய வேர்ஹவுஸ், சொந்தக் கம்ப்யூட்டர்

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. ஒரு சைஸ் மேலே போனால் மணிக்கான கிரெடிட் இரட்டிப்பு: ஸ்மால் 2, மீடியம் 4, லார்ஜ் 8. ஒரு மணி நேரம் ஓடும் கனமான வேலை அரை மணியில் முடிந்தால் செலவு சமம், நேரம் லாபம். உங்கள் வேலை அந்த ரகம் இல்லை. 30 நொடி க்வெரி மீடியத்தில் 15 நொடியாகிறது என்றே வைத்துக்கொள்வோம். காத்திருப்பு 60 நொடி குறையாது. அதுவும் இரட்டை விலையில் ஓடும். ஸ்மாலில் ஒரு எழுப்பலுக்கு 0.05 கிரெடிட் ஆவது மீடியத்தில் 0.083 ஆகும். கீழே இறங்கி எக்ஸ்ட்ரா ஸ்மாலில் 60 நொடி எடுத்தாலும் 0.033தான். கன்ட்ரோல் ரூமின் இரண்டு டாஷ்போர்டுகளை எக்ஸ்ட்ரா ஸ்மாலுக்கு மாற்றித் தனி வேர்ஹவுஸில் வைக்கலாம் என்பது என் யோசனை. மிச்சம் பெரிதாக இருக்காது. வேறொரு காரணத்துக்காகச் சொல்கிறேன், கீழே வரும்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் கேள்வியை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. 62 காற்றாலை, நாளுக்கு 144 வரி; மொத்தம் 8,928. வருடத்துக்கு 32 லட்சத்து 58 ஆயிரம் சொச்சம். நேர்மையாகச் சொன்னால் இந்த அளவுக்கு ஸ்னோஃப்ளேக் தேவையே இல்லை. ஒரு சாதாரண சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இதைச் சிரமமில்லாமல் தாங்கும். யாரோ ஒரு காலத்தில் பெரிய கனவோடு வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து அதில் எல்லாவற்றையும் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் எத்தனை நாள் கரன்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். பேக்கப், யுபிஎஸ், பாஸ்வேர்டு, அப்டேட் எல்லாம் உங்கள் ஒருவர் தலையில் விழும். நீங்கள் கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு போட்டால் பார்க்க ஆள் இல்லை. மாறுவதென்றால் கிளவுடிலேயே சின்ன சர்வர் ஒன்றில் போஸ்ட்கிரெஸுக்கு மாறலாம். அதையும் மே முதல் செப்டம்பர் வரையான காற்றுக் காலத்தில் தொடாதீர்கள். அடங்கிய பிறகு, பழையதும் புதியதும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடி எண்கள் ஒத்துப்போவதைப் பார்த்த பிறகு செய்யுங்கள். சம்பளத்தில் பிடிப்பேன் என்ற பயத்தில் இரண்டு வாரத்தில் டேட்டாபேஸ் மாற்றுவது, இருக்கிற தலைவலியைவிடப் பெரிய தலைவலி.

மிதமிஞ்சினால் நிற்க ஒரு கடிவாளம்

உங்கள் கணக்கில் ரிசோர்ஸ் மானிட்டர் எதுவும் இல்லை என்று தெரிகிறது. மாதத்துக்கு இத்தனை கிரெடிட் என்று அளவு வைத்து, 75 சதவீதத்தில் மெயில், 100 சதவீதத்தில் வேர்ஹவுஸ் நிறுத்தம் என்று போடலாம். அதை உருவாக்கும் உரிமை கணக்கு நிர்வாகிக்கு மட்டும். உங்கள் நிறுவனத்தில் அந்த உரிமை முதலாளியின் மெயிலில் தொடங்கிய லாகினில் இருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். நிறுத்தம் என்பது இரக்கமில்லாத நிறுத்தம்: கன்ட்ரோல் ரூம் டாஷ்போர்டும் சேர்ந்து நிற்கும். தனி வேர்ஹவுஸ் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். நிறுத்தத்தைச் சொந்தக்காரர் வேர்ஹவுஸுக்கு மட்டும் போட்டு, கன்ட்ரோல் ரூமுக்கு மெயில் மட்டும் வையுங்கள்.

கூடவே ஒரு க்வெரி அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற வரம்பு. யாரும் மாற்றாவிட்டால் அது 1,72,800 நொடி, அதாவது இரண்டு நாள். டேபிள்களைத் தப்பாக இணைக்கும் க்வெரி ஒன்று சனிக்கிழமை மாலை சிக்கிக்கொண்டால் திங்கட்கிழமை வரை ஓடும். பத்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

சம்பளப் பிடித்தம்

நான் வக்கீல் இல்லை; பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவருக்கு உரிமை இருக்கிறது என்று நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம். நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதென்றால், அந்த நஷ்டம் பணியாளரின் அசட்டையாலோ தவறாலோ நேரடியாக வந்திருக்க வேண்டும். நஷ்டத்தின் அளவைத் தாண்டக் கூடாது. பிடிக்கும் முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 1936-ன் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த இந்த முறையே 2019-ல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. நிறுவனம் தானே தேர்ந்தெடுத்து, தானே கையெழுத்துப் போட்டு வாங்கிய சேவையின் மாத பில்லை உங்கள் அசட்டை என்று காட்டுவது எளிதல்ல. அதிலும் மூன்று வாரம் அதைக் குறைக்கப் பாடுபட்டதற்கு உங்களிடம் தேதியோடு ஆதாரம் இருக்கிறது.

இதை எடுத்துக்கொண்டு நேரே தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. கோபத்தில் விட்ட வார்த்தையாகவும் இருக்கலாம். இரண்டரை லட்சம் பில் வந்தால் சிறு நிறுவனம் நடத்துபவருக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். முதலில் டிவியையும் க்வெரியில் உள்ள அந்தக் கட்டத்தையும் சரிசெய்யுங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அட்டவணையை ஒன்றாக்கி, அதற்குப் பிறகு ஆட்டோ சஸ்பெண்டை 60 நொடியாக்குங்கள். வரிசை முக்கியம், முன்பு தலைகீழாகச் செய்ததால்தான் பலன் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து, செலவான கிரெடிட்டைப் பதிந்துவைக்கும் வேர்ஹவுஸ் மீட்டரிங் ஹிஸ்டரியிலிருந்து முந்தைய வாரம், இந்த வாரம் இரண்டையும் மணி வாரியாக எடுங்கள். அந்தக் கணக்கு மூன்று மணி நேரம் வரை பிந்தி வரும், எனவே அன்றைக்கே பார்த்துப் பதறாதீர்கள்.

அந்த இரண்டு எண்களோடு முதலாளிக்கு ஒரு மெயில் எழுதுங்கள்: இதுவரை செய்தது, சொந்தக்காரர் டாஷ்போர்டை மணிக்கு ஒருமுறையாக்க அவர் சம்மதம், ரிசோர்ஸ் மானிட்டர் போட அவர் நேரத்தில் பத்து நிமிடம். சம்பளப் பேச்சை அதில் எடுக்க வேண்டாம். அவரே எழுத்தில் பிடித்தம் என்று கேட்டால் அப்போது எழுத்தில் விளக்கம் கொடுங்கள். அதை அனுப்பும் முன் நாகர்கோவிலில் தொழிலாளர் வழக்குப் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.